காத்து அடிக்கும்னு சொல்ல என்ன கஷ்டம்?

இன்னும் கோபம் அடங்கல.

இன்னைக்குக் காலையில கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கண் பிரஷர் பார்க்குற வரிசையில எனக்கு முன்னாடி ஒரு அக்கா. போனக்காடு எஸ்டேட்டுலேர்ந்து முதல் பஸ் பிடிச்சு வந்தவங்க. அவங்க அம்மாவுக்குக் கண்ணுல பிரஷர் ஏறித்தான் பார்வை போச்சாம்.

டெக்னீஷியன் மெஷின்ல தாடையை வைக்கச் சொன்னார். வேற எதுவும் சொல்லல. டப்புன்னு கண்ணுல காத்து அடிச்சதும் அக்கா பதறி எழுந்துட்டாங்க.

"அனங்கருது!"ன்னு மலையாளத்துல கத்தினார். அசையக் கூடாதாம்.

ரெண்டாவது தடவையும் அக்கா முகத்தை இழுத்துக்கிட்டாங்க. உடனே சீட்டுல "சஹகரிக்குன்னில்ல"ன்னு எழுதிட்டு, "நெக்ஸ்ட்!"ன்னார்.

ஒத்துழைக்கலையாம்!

"என்ன நடக்கும்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"ன்னு கேட்டேன்.

"திரக்காணு சேச்சி." கூட்டமாம்.

"அவங்களுக்குப் பார்க்காம நான் உட்கார மாட்டேன்"னு சொல்லிட்டு அக்கா பக்கம் திரும்பினேன்.

"லேசா காத்து ஊதும்க்கா. திடுக்குன்னு இருக்கும், ஆனா வலிக்காது. உள்ள தெரியுற வெளிச்சத்தையே பாருங்க."

அக்கா அசையவே இல்ல. ரெண்டு கண்ணும் ஒரு நிமிஷத்துல முடிஞ்சுது.

ரெண்டுலயும் பிரஷர் கூடுதல். டாக்டர் மறுபடி பார்த்துட்டு, மத்த டெஸ்டெல்லாம் இன்னைக்கே எடுக்கச் சொன்னார்.

"நான் பேசாம வீட்டுக்குப் போயிருப்பேன்மா"ன்னு அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

உங்கள்ல யாருக்காவது முன்கூட்டியே சொல்லிட்டு இந்த டெஸ்ட் எடுத்தாங்களா? எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க. அந்த அதிசயத்தைப் போய்ப் பார்த்துட்டு வரேன்.