ஸ்டெல்லா அப்பா

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்துவிட்டால் தகப்பனுக்குச் சொந்தப் பேர் போய்விடும். மாரிமுத்துவை இருபது வருஷம் ஊரில் யாரும் மாரிமுத்து என்று கூப்பிட்டதில்லை. கரும்பு வெட்ட ஆள் தேடி வருகிறவர்கள்கூட, "ஸ்டெல்லா அப்பா, நாளிக்கி வரியா?" என்றுதான் கேட்பார்கள். ஒரே பெண். அவளும் லேசுப்பட்டவள் அல்ல. வாயைக் கொடுத்தால் மீள முடியாது.

பாகூர் ஏரி நிரம்பிக் கிடந்த ஒரு மாதத்தில், கடலூர் ரோட்டில் அவள் ஓட்டிப்போன ஸ்கூட்டி லாரியில் மாட்டியது. அடக்கம் முடிந்த மறுநாளிலிருந்து ஊரே சொல்லி வைத்த மாதிரி அவரை மாரிமுத்து என்று கூப்பிட ஆரம்பித்தது. பாவம், மனுஷன் நொந்துபோவாரே என்றுதான். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். வீட்டிலும் அவர் மனைவி ஜோஸ்பின் மகள் பேரைக் கேட்டாலே மயங்கி விழுந்ததால், அங்கேயும் யாரும் வாயைத் திறப்பதில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் மாதாகோயில் பூசையில் சாமியார் அவள் பேரை வாசிப்பார். அவ்வளவுதான்.

எங்கள் ஊர் நூலகம் ஸ்மார்ட் நூலகம் ஆனது ஸ்டெல்லா இருந்தபோதே. ஒட்டடை பிடித்த பீரோக்கள் போய் ஏசி வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. புத்தகத்தை ஒரு மெஷின்மேல் வைத்து உறுப்பினர் அட்டையைக் காட்டினால் அதுவே பதிந்துகொள்ளும். பேப்பர் படிக்கப் போன என்னைத் திரையைத் தடவச் சொன்னார்கள். தடவினேன். கண்ணீர் அஞ்சலிப் பக்கம் பெரிதாகி மூஞ்சிக்கு நேரே வந்து நின்றது. ஸ்மார்ட்டாம், ஸ்மார்ட்டு! அன்றிலிருந்து நான் காகிதப் பேப்பரைத்தான் கேட்டு வாங்குகிறேன்.

அங்கே முதல் அட்டை வாங்கியவள் ஸ்டெல்லா. போன் நம்பர் கேட்டதற்கு அப்பாவுடையதைக் கொடுத்தாள். கடைசியாக அவள் எடுத்தது காடை வளர்ப்பு பற்றிய ஒரு ஒல்லிப் புத்தகம். கரும்பு வெட்டி இடுப்பு போனது போதும், காடை வளர்க்கலாம் வா என்று அப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் புத்தகம் நூலகத்துக்குத் திரும்பவில்லை. மெஷினுக்குச் சாவு தெரியுமா? திங்கட்கிழமை தவறாமல் மாரிமுத்துவின் போனுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தது. ஒருநாள் டீக்கடையில் அவரே என்னிடம் காட்டினார். "அன்புள்ள ஸ்டெல்லா, நீங்கள் எடுத்த நூலின் தவணை முடிந்துவிட்டது. விரைவில் திருப்பித் தாருங்கள்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னா அநியாயம் இது? புக்க எடுத்துனு போயி அவுங்க மேசமேல போட்டுட்டு வா. மெசேஜ் நின்னுடும்."

"நின்னுடும்னுதாம்பா குடுக்கல."

"இன்னாப்பா சொல்ற?" என்றேன்.

"ஊர்ல எவனும் எம்பொண்ணு பேரச் சொல்றதில்ல. வூட்லயும் இல்ல. இது ஒண்ணுதான் வாரா வாரம் அன்புள்ள ஸ்டெல்லான்னுது. அவ வருவான்னு நெனச்சினு இருக்குது."

டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். அவர் எதிரில் அழ எனக்கு வெட்கமாக இருந்தது.

நூலகர் கஸ்தூரி நல்ல பெண். ஸ்டெல்லாவோடு பழகியவள். வராத புத்தகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பேர் கண்ணில் பட்டு, செத்துப்போன பிள்ளையின் பேரில் பெற்றவனுக்குத் தாக்கீது போகிறதே என்று பதறிவிட்டாள். அன்றே புத்தகத்தைக் கணக்கிலிருந்து கழித்து, ஸ்டெல்லாவின் பேரையும் நீக்கினாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அடுத்த திங்கள் செய்தி வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. போன் கெட்டுவிட்டதென்று ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். போன் நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் புத்தகத்தைப் பாலித்தீன் பையோடு எடுத்துக்கொண்டு நூலகத்துக்கே வந்தார். நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எம்மா, புக்கு எங்கிட்டதான் இருக்குது. ஏன் கேக்க மாட்டறீங்க?"

கஸ்தூரி எழுந்து நின்றாள். "இனிமே கேக்காதுண்ணே. பேர எடுத்துட்டேன். உங்களுக்குத் தொந்தரவு இருக்காது. புக்க நீங்களே வச்சிக்குங்க."

"திரும்பப் போட முடியாதாம்மா?"

"எடுத்தா எடுத்ததுதாண்ணே. வேணும்னா உங்க பேர்ல ஒரு கார்டு போட்டுத் தரேன்."

அவர் மெஷினிடம் போய்ப் புத்தகத்தை அதன்மேல் வைத்தார். பதிவில் இல்லாத நூல் என்று திரையில் வந்தது. புத்தகத்தை எடுத்து வேட்டியில் துடைத்து மறுபடி வைத்தார். மறுபடியும் அதேதான். கஸ்தூரிக்கு அப்போதுதான் விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

புத்தகத்தைப் பையில் சுற்றிக்கொண்டு அவர் வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார். என்ன சொல்லித் தேற்றுவது? இத்தனை நாள் தொண்டையில் அடக்கி வைத்திருந்தது தானாக வந்துவிட்டது.

"ஸ்டெல்லா அப்பா, இருப்பா, நானும் வரேன்."

சட்டென்று திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நூலகக் கதவைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"இன்னொரு வாட்டி கூப்புடுப்பா" என்றார்.