சுகந்தி எழுதித் தந்த தாள்

மருத்துவரிடம் கொடுக்கச் சொல்லி என் மனைவி ஒரு தாளில் எழுதித் தந்தாள். நான் அதைக் கொடுக்கவில்லை. கிழித்துப் போட்டேன். கொடுத்துவிட்டதாக அவளிடம் பொய்யும் சொன்னேன்.

இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கு என்னைத் தெரியாது என்பதால்தான் சொல்ல முடிகிறதோ என்னவோ...

அவள் பெயர் சுகந்தி. மல்காஜ்கிரியில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. நான் ரயில்வே பட்டறைத் தொழிலாளி; என் தகப்பனாரும் அங்கேதான் இருந்தார். அரக்கோணத்திலிருந்து மணமாகி வந்தவள், ஆறே மாதத்தில் தெலுங்கு கற்றுக்கொண்டு, அந்த மொழியிலேயே பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். அப்படியொரு மூளை அவளுக்கு!

நாற்பதாவது வயதில் அவளுக்கு லூபஸ் வந்தது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைப் பகையாக நினைத்துத் தாக்கும் நோய். விரல் மூட்டுகள் வீங்கின. கன்னங்களில் சிவப்புப் படர்ந்தது. இது மூட்டோடு நிற்கும் நோயன்று, மூளைக்கும் நரம்புக்கும்கூடப் போகலாம், பேச்சிலோ நடத்தையிலோ சிறு மாற்றம் தெரிந்தாலும் உடனே சொல்ல வேண்டும் என்று மருத்துவரான அம்மையார் முதல் நாளே எச்சரித்தார்.

நான் தலையாட்டினேன். காதில் வாங்கினேனா?

மூன்று ஆண்டுகள் மாத்திரைகளோடு ஓடின. நான்காவது மழைக்காலத்தில் சுகந்தி மாறத் தொடங்கினாள். பாதம் எரிகிறது என்பாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவாள். ஒருநாள் வகுப்பில் ஏழையும் எட்டையும் பெருக்கத் தெரியாமல் கரும்பலகை முன் திகைத்து நின்றதாகச் சொல்லி அழுதாள். வயதாகிறது என்று நான் சிரித்தேன். சிரித்தேன்!

பிறகு சந்தேகம் வந்தது. நான் போட்டுத் தரும் காபியை முகர்ந்து பார்ப்பாள். தட்டை என் பக்கம் தள்ளி, “மொதல்ல நீங்க சாப்பிடுங்க” என்பாள்.

கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள் நிவேதாதான் முதலில் பயந்தாள். தமிழ் புரியும், பதில் பாதி தெலுங்கில் வரும். “அம்மா நார்மல்கா லேது அப்பா. டாக்டர்கி செப்பண்டி, ப்ளீஸ்” என்று, அம்மா இயல்பாக இல்லை, மருத்துவரிடம் சொல்லுங்கள் எனக் கெஞ்சினாள்.

“நக்கோ, வேணாம்! வீட்டு விஷயம் வெளிய போவக் கூடாது” என்று அதட்டினேன்.

அடுத்த பரிசோதனைக்குக் கிளம்பும் காலையில் சுகந்தி அந்தத் தாளை என் கையில் வைத்தாள். கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாள், நான்காக மடித்திருந்தாள். அன்று அவள் பார்வை பழையபடி தெளிவாக இருந்தது.

“என்னால வாயத் தொறந்து சொல்ல முடியாதுங்க, அழுதுடுவேன். நீங்க குடுத்துடுங்க. உங்களப் பத்தியும் எழுதியிருக்கேன்... ஆனா உங்களைத் தவிர வேற யார்கிட்ட குடுப்பேன்?”

மருத்துவமனையில் ரத்தம் எடுக்க அவளை உள்ளே அழைத்துப் போனார்கள். நான் தாளைப் பிரித்தேன்.

‘எனக்கு மறதி அதிகமாகிறது. இல்லாத குரல்கள் கேட்கின்றன. என் கணவர் சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார் என்று தோன்றுகிறது. அவர் அப்படிச் செய்பவர் இல்லை என்றும் எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் பயமாக இருக்கிறது. என் மூளையைப் பாருங்கள்.’

இவ்வளவும் எழுதியிருந்தாள். என் கண்ணில் பட்டதோ அந்த ஒரே வரி! இருபது ஆண்டுகள் உடன் வாழ்ந்தவனை நஞ்சு வைப்பவன் என்கிறாளே! மருத்துவர் என்ன நினைப்பார்? அதற்கு அடுத்த வரியை நான் ஏன் படிக்கவில்லை? படித்தேன்... படித்தும் அது என் மனத்தில் ஏறவில்லை. அவள் நோயைவிட என் மானம் எனக்குப் பெரிதாக இருந்தது.

கை கழுவும் இடத்தில் அதைத் துண்டு துண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். சுகந்தி திரும்பி வருமுன் மருத்துவர், “வேறு ஏதாவது தொந்தரவு உண்டா?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

ஆட்டோவில் வரும்போது சுகந்தி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “குடுத்தீங்களா?”

“குடுத்தேன். பயப்பட ஒன்னும் இல்லேன்னுட்டாங்க.”

அவள் கண்ணை மூடி என் தோளில் சாய்ந்துகொண்டாள். அந்தப் பாரம்... இன்றும் அந்தத் தோளை விட்டு இறங்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து, போவன்பள்ளிக் காய்கறிச் சந்தையில், தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தவள் வலிப்பு வந்து விழுந்தாள். வாயில் நுரை. மூட்டைகளுக்கு நடுவே அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

லூபஸ் மூளையைத் தாக்கியிருந்தது. நான்கு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். முன்பே மாற்றம் ஏதும் தெரிந்ததா என்று மருத்துவர் கேட்டார். “இல்லை மேடம்” என்றேன். நிவேதா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை, இன்றுவரை கேட்கவுமில்லை. ஆனால் அந்தத் தாளைப் பற்றி அவளுக்கும் தெரியாது.

முன்கூட்டியே மருந்து தொடங்கியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, முயன்று பார்த்திருக்கலாம் என்றார் மருத்துவர். முயன்று பார்த்திருக்கலாம்... தினமும் அந்தச் சொல்லோடுதான் எழுந்திருக்கிறேன்.

சுகந்தி பிழைத்தாள். சந்தேகம் போயிற்று, குரல்கள் போயின. வலக்கை தோளுக்கு மேல் எழும்புவதில்லை. பெயர்கள் தப்பிப்போகின்றன. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். பார்க்க வருபவர்களிடமெல்லாம், “சந்தையிலேர்ந்து என்னத் தூக்கிட்டு ஓடினாரு பாருங்க, அதனாலதான் நான் இருக்கேன்” என்கிறாள். அப்போதெல்லாம் நான் தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் உள்ளே போய்விடுவேன்.

போன வாரம் ஒரு மாலை. அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். இப்போது அது என் வேலை. மருந்தினால் கொட்டிய முடி மறுபடி சுருள் சுருளாக முளைத்திருக்கிறது.

“அந்த மூணு மாசம் எனக்குச் சுத்தமா நெனப்பே இல்லீங்க. எப்படி இருந்தேன் நான்?”

“பயந்துகிட்டு இருந்தே.”

“யாரப் பாத்து?”

“என்னப் பாத்து.”

அவள் குலுங்கிச் சிரித்தாள். “உங்களப் பாத்தா? பூனைகூட உங்களப் பாத்துப் பயப்படாது!”

சிரிப்பு அடங்கிற்று. பிறகு மெல்லக் கேட்டாள். “அப்போ யார்கிட்டயாவது சொன்னேனா நான்?”

இதோ, இப்போது சொல்லிவிடலாம்... அந்தத் தாளின் ஒவ்வோர் எழுத்தும் எனக்கு மனப்பாடம்!

“இல்ல” என்றேன்.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல? மனசுக்குள்ளயே வெச்சிக்கிட்டு உங்களையும் பாப்பாவையும் எவ்ளோ படுத்திட்டேன்! மன்னிச்சிடுங்க” என்றாள்.

என்னிடம்! அவள்! மன்னிப்புக் கேட்டாள்!

சீப்பில் சுற்றியிருந்த முடியை எடுத்தேன்.

“கொஞ்சம் திரும்பு. வகிடு கோணலா வந்துடுச்சு” என்றேன்.