கரகரப்பு போன பிறகு

சுண்ணாம்புக்குளத்தை விட்டு நடக்க ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. முதுகில் எலெக்ட்ரிக் கிட்டார், கையில் அதன் சத்தம் வெளியே வரும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி. கை மாற்றும்போதெல்லாம் பெட்டி கனம் கூடியது. முந்தின நாள் அங்கே ஒரு கல்யாண வரவேற்பில் வாசித்தோம். காலையில் எங்கள் மெல்லிசைக் குழுவின் வேன் என்னை ஏற்றாமலே கிளம்பிவிட்டது. இடமில்லையாம். டிரம்முக்குத் தனி சீட்டே கொடுத்திருந்தார்கள்.

குற்றவாளி என் கிட்டார்தான். வரவேற்பில் ஒரு பாட்டு கிட்டார் மட்டும் தனியாக ஒலித்துத் தொடங்கும். ஒவ்வொரு கம்பியும் மணி போலக் கேட்க வேண்டிய இடம். எனக்குக் கரகரவென்று இரைந்தது. குழுத் தலைவர், கீபோர்டு வாசிக்கிறவர், காலையில் வேன் ஜன்னலிலிருந்து தலையை நீட்டிச் சொன்னார்:

"இன்னாயா அது, கிட்டாரா, மீன் போட் இஞ்சினா? மாப்ள நைனா வந்து, டீசல் ஊத்தட்டுமானு கேக்குறாரு. சாய்ந்திரம் கோட்டைக்குப்பத்துல அம்மன் கோயில் கச்சேரி. சுத்தமா கேட்டா நம்மகூட இரு. இல்லாங்காட்டி அதோட வுட்டுடு."

குழுவில் எனக்கிருந்த இடம் என்பது இரண்டு வேளைச் சாப்பாடு, வேனின் பின் சீட்டில் தூக்கம். சேர்ந்து ஆறு வாரம். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன் நான். செங்கல் சூளை, டீக்கடை, இறால் குட்டை என்று போன இடமெல்லாம் மழையோ முதலாளியோ துரத்திய பிறகு, கூரையோடு வேறு ஊருக்கும் கூட்டிப்போன முதல் வேலை இதுதான். கிட்டாரை டீக்கடையில் இருந்தபோது போனில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பாதி வீடியோ வரைக்கும்தான் டேட்டா இருக்கும்.

வழியில் ஒரு மீன் வண்டி ஏற்றிக்கொண்டது. ஐஸ் பெட்டியின் மேல் இடம். கோட்டைக்குப்பத்தில் இறங்கும்போது காலுக்கு மேலே கொஞ்ச தூரம் மரத்துப்போய், எதுவும் என்னுடையதாக இல்லை.

அங்கே எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். பைபர் படகுகளில் விரிசல் விட்டால் ரெசின் பசையைத் தடவி, கண்ணாடி இழைத் துணியை வைத்து ஒட்டுப் போடுகிறவன். அந்த ஊரில் எது உடைந்தாலும் தூக்கி எறிய மாட்டார்கள், அவனிடம் அனுப்புவார்கள். தண்ணீர் டிரம், பிளாஸ்டிக் நாற்காலி, ஹெல்மெட், எல்லாம் அவன் கொட்டகையில் படகுகளோடு வரிசையில் நிற்கும்.

அந்த வரிசையிலேயே உட்கார்ந்து சோதிக்க ஆரம்பித்தேன். முதலில் கேபிள். உப்புக் காற்றில் முனை பச்சை பூத்திருந்தது. தேய்த்துப் பளபளப்பாக்கினேன். கரகரத்தது. கிட்டாருக்குள் இருக்கும் சின்ன பேட்டரியை மாற்றினேன். கரகரத்தது. கம்பிகளுக்கு அடியில் இருந்து அவற்றின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் மிக நெருக்கமாக நின்றாலும் இரையும் என்பது பாதி வீடியோவில் கேட்டது. அவன் ஸ்க்ரூ டிரைவரை வாங்கி அதைக் கீழே இறக்கினேன். பெட்டியில் இருந்த எல்லாக் குமிழையும் குறைத்தேன். இப்போது மெதுவாகக் கரகரத்தது.

"மச்சி, வாசிக்கிறியா, மீனுக்குச் செதில் தேய்க்கிறியா?" என்றான் அவன், தலையைத் தூக்காமல்.

கோயில் மேடையில் மைக் செட்டுக்காரர் வயர் இழுத்துக்கொண்டிருந்தார். அவர் காலில் விழாத குறையாகக் கேட்டு, கிட்டாரை நேராக அவர் சவுண்ட் மிக்ஸரில் செருகி ஒரு கம்பியைத் தட்டினேன். சுத்தம். கொட்டகைக்கு ஓடிவந்து என் போனில் ஒரு பாட்டைப் போட்டு, அதை என் பெட்டி வழியாக விட்டேன். பாடகர் தொண்டையில் மீன் முள் குத்தியவர் போலப் பாடினார்.

ஆக, கிட்டார் நல்லவன். பெட்டிதான். அப்போதுதான் நினைவு வந்தது.

குழுவில் சேர வந்த அன்று, பஸ்ஸில் மீன் கூடையின் மூங்கில் முனை குத்தி ஸ்பீக்கரின் காகிதம் கிழிந்துவிட்டது. இந்தச் சிநேகிதன்தான் ரெசின் ஊற்றி இரண்டடுக்கு ஒட்டுப் போட்டான். "படகே ஒழுவாது மச்சி, இதுல சத்தமா ஒழுவப் போவுது?" என்றான். அந்தப் பெட்டியிலேயே உறுதியான இடம் அந்த ஒட்டுதான். அதனால் அதன்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

இப்போது பின்பக்கத்தைத் திறந்து காகிதத்தை விரலால் மெல்ல அழுத்தினேன். மின்சாரமே இல்லாமல் கர்ர் என்றது. ஒட்டு கனத்து ஒரு பக்கம் இழுக்க, உள்ளே கம்பிச் சுருள் காந்தத்தில் உரசிக்கொண்டிருந்தது. படகில் போட்ட ஒட்டு அசையாமல் விறைப்பாக இருக்க வேண்டும், ஸ்பீக்கர் காகிதம் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். இது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

"ஒட்டு வுட்டுச்சா? வுடலை இல்ல? அப்புறம் எம்மேல இன்னா தப்பு?" என்றான்.

பிளேடால் ஒட்டை எடுக்கப் பார்த்தோம். காகிதம் முழுசாக அதோடு வந்தது, அப்பளம் மாதிரி. பெட்டியின் கதை முடிந்தது. மறுபடி மேடைக்குப் போய் நின்றேன். மைக் செட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்து, சாயங்காலம் கிட்டாரை மிக்ஸரிலேயே செருகிக்கொள்ளச் சொன்னார்.

வெளிச்சம் இருக்கும்போதே கச்சேரி ஆரம்பித்தது. தலைவர் அதே பாட்டை முதலில் வைத்தார். நான் தனியாகத் தொடங்கினேன். கோயில் சுவரிலிருந்த நான்கு ஸ்பீக்கரிலும் துளி கரகரப்பில்லை.

ஆறு வாரத்தில் முதல்முறையாக நான் வாசிப்பது எனக்கே கேட்டது. ஒரு விரல் பக்கத்துக் கம்பியை மிதித்தது. இன்னொன்று சரியாக அழுத்தாமல் டப்பென்றது. மூன்றாவது எங்கேயோ இருந்தது. பாட வேண்டிய பெண் மைக்கை மூடிக்கொண்டு திரும்பினாள். "அண்ணா, நா எந்தக் கட்டைல பாடறது?"

இடைவேளையில் தலைவர் என்னை மேடைக்குப் பின்னால் கூப்பிட்டார். கோபமாக இல்லை. அதுதான் மோசம்.

"இத்தினி நாளா அந்தக் கரகரப்புக்குள்ளதான் ஒளிஞ்சினு இருந்தியா? நா பொட்டியைத் திட்டினு இருந்தேன்யா."

"சுத்தமா கேக்கணும்னு நீங்கதான சொன்னீங்க."

"ஆமாய்யா. கேட்டுட்டேன்."

கோயிலில் கொடுத்த சுண்டலை இரண்டு தொன்னை வாங்கித் தின்றேன். வேன் கிளம்பியபோது உண்மையாகவே இடமில்லை. மாலைக் கூடைகள் என் சீட்டில் இருந்தன.

மறுநாள் காலை சிநேகிதன் என் கையில் உப்புத்தாளைக் கொடுத்து, கவிழ்ந்திருந்த ஒரு படகின் அடிவயிற்றைக் காட்டினான். ஒட்டுப் போடும் முன் பழைய பெயிண்டை அங்கே தேய்த்தெடுக்க வேண்டும்.

"கரகரனு கேக்கணும் மச்சி," என்றான். "கேக்கலைனா நீ வேலை செய்யலைனு அர்த்தம்."

தேய்க்க ஆரம்பித்தேன். நன்றாகவே கேட்டது.