சுவரோரத்து நாற்காலி

பெற்றோர் யாராவது வருகிறார்கள் என்றால் அரசெலி மொந்தெஹானோ முதலில் நாற்காலிகளை மாற்றிப் போடுவார். தன்னுடையதை மேசைக்குப் பின்னாலிருந்து எடுத்து, வருபவருக்கு எதிரே, முழங்கால் இடிக்காத தூரத்தில் வைப்பார். பிள்ளைக்கானது மட்டும் தள்ளி, சுவரோரமாக, ஜன்னலைப் பார்த்தபடி இருக்கும். அதில் ஒரு தரம் தானே உட்கார்ந்து, ஸ்ட்ராபெரி வயல்கள் தெரிகின்றனவா என்று பார்த்துக்கொள்வார்.

எல்லை தாண்டி வயல் வேலைக்கு வந்தவர்கள் வாழும் பஹாரோ பள்ளத்தாக்கில் பிள்ளைகள்தான் வீட்டுக்கு வாய். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் ஆங்கிலத்துக்கும் ஸ்பானிஷுக்கும் நடுவில் அவர்கள்தான் நிற்பார்கள். அரசெலியும் நின்றவர். அம்மாவின் வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னதை அம்மாவிடம் எடுத்துச் சொன்னபோது அவருக்குப் பால்பற்களே முழுதாக விழுந்திருக்கவில்லை. இரண்டு மொழியும் தெரிந்த ஆலோசகராக அதே ஊர்ப் பள்ளிக்குத் திரும்பியபோது அவர் வைத்துக்கொண்ட சட்டம் ஒன்றே ஒன்று: என் அறையில் எந்தப் பிள்ளையும் மொழிபெயர்க்க வேண்டாம். அதோடு தினம் ஒரு வகுப்பும் எடுத்தார். இன வரலாறு. நாம் யார், நம் பாட்டன்மார் என்ன ஆனார்கள், பாடநூலில் நம்மை ஏன் காணோம் என்கிற பாடம்.

அந்த வகுப்பு மாணவி பிரிசெய்தாவுக்கு, வடக்கே ஒரு நாள் பயணத் தொலைவில், ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. செலவு முழுவதும் பல்கலைக்கழகத்துடையது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவில்லை என்றால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். அப்பா டான் ஃபிடென்சியோ வயலிலிருந்து நேராக வந்தார். அரசெலி தன் அழகான ஸ்பானிஷில் எல்லாவற்றையும் விளக்கினார்.

"சரிங்க டீச்சர்" என்று தலையாட்டினார் அவர். எல்லாவற்றுக்கும் "சரிங்க டீச்சர்"தான்.

மறுநாள் அரசெலி கேட்டார்: "என்ன முடிவு பண்ணாரு கண்ணு?"

"ஒண்ணும் சொல்லலை மிஸ்."

"நேத்து எல்லாத்துக்கும் தலையாட்டினாரே?"

பிரிசெய்தா பையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பினாள்.

அன்று வகுப்பில் சோளத்தைப் பற்றிய பாடம். சுவர் முழுக்கப் பழைய கோயில்கள், இறகுக் கிரீடங்களின் படங்கள். மலைகளில் இன்றும் பேசப்படும் ஆதி மொழிகளைப் பற்றி அரசெலி சொல்லிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:

"மிஸ், அதுக்கு படம் எதுக்கு? இந்தப் பிரிசெய்தா வீட்டுக்குப் போனா போதும். அங்க ஸ்பானிஷே கிடையாது, மலைக்காட்டுப் பேச்சுதான். ஏ குள்ளச்சி, கொஞ்சம் பேசிக் காட்டேன்."

வகுப்பு சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாரும் ஸ்பானிஷ் பேசும் நம் பிள்ளைகள். அரசெலி அவனை வெளியே அனுப்பினார். ஆனால் சுண்ணக்கட்டியைக் கையில் வைத்தபடி அவர் நினைத்துக்கொண்டிருந்தது அவனை அல்ல, அந்தத் தலையாட்டலை. ஸ்பானிஷ் பேசினால் எல்லாரும் வீட்டுக்குள் வந்துவிட்டதாக இத்தனை வருடம் நம்பியிருந்தார். இதற்கு முன் எத்தனை பேர் இப்படித் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள்?

பிரிசெய்தா வீட்டு மொழியான மிஷ்டெக்கோ பேசத் தெரிந்த ஒருவரைத் தேடினார். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் இருந்தாள். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னவள் வரவில்லை. டான் ஃபிடென்சியோ மகளோடு வந்து, தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கடைசியில் அரசெலி சுவரோரத்து நாற்காலியைத் தூக்கிக் கொண்டுவந்து நடுவில் போட்டார்.

"நீதான் சொல்லணும் கண்ணு. எனக்கு வேற வழி தெரியலை."

பிரிசெய்தா சொன்னாள். அப்பா பழச்சாறு ஏறிய விரல்களைப் பார்த்தபடி கேட்டார். பிறகு நிதானமாக, ஏறி இறங்கும் அந்த மொழியில் வெகுநேரம் பேசினார். அரசெலிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. இப்படித்தான் போன தடவை அவர் உட்கார்ந்திருந்திருப்பார் என்று மட்டும் தோன்றியது.

"சரிங்கறார், மிஸ்."

"இவ்வளவு நேரம் பேசினாரே?"

"எங்க பாஷைல எல்லாமே நீளம், மிஸ்."

அரசெலி சிரித்துவிட்டார். சந்தோஷத்தில் எழுந்து கையை நீட்டினார். டான் ஃபிடென்சியோ அந்தக் கையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, மெதுவாகத் தன் கையைக் கொடுத்தார்.

ஆகஸ்டில் அவரே பழைய பிக்கப் வண்டியில் அவளை வடக்கே கொண்டுபோய் விட்டார். அதன் பிறகு அரசெலியின் அறைக்கு யார் வந்தாலும் முதல் கேள்வி, "வீட்ல என்ன பாஷை பேசுவீங்க?" என்பதுதான். மிஷ்டெக்கோ தெரிந்த ஒருவரை வேலைக்கு வைக்கும்வரை பள்ளி நிர்வாகத்தையும் அவர் விடவில்லை.

சில வருடங்கள் கழித்து, அந்த வேலைக்கே பிரிசெய்தா வந்து சேர்ந்தாள். முதல் வாரம், இருவரும் நாற்காலிகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"அன்னைக்கு அப்பா சரின்னு சொல்லலை, மிஸ். அனுப்ப மாட்டேன்னாரு. நம்ம ஆளு ஒருத்தர்கூட இல்லாத ஊருக்கு எப்படி அனுப்புறதுன்னுதான் அவ்வளவு நேரமும் பேசினாரு."

அரசெலி நாற்காலியைக் கீழே வைத்தார்.

"அப்புறம் எப்படிடி போன?"

"அன்னைக்கே வீட்டுக்குப் போக வண்டில ஏறினதும், நீங்க சரின்னதா மிஸ்கிட்ட சொல்லிட்டேன்னு அப்பாகிட்ட ஒத்துக்கிட்டேன். எங்க ஊர்ல யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க, மிஸ். நிலமோ கல்யாணமோ, கை கொடுத்தா முடிஞ்சுது. வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்திட்டு, 'கை கொடுத்துட்டேனே'ன்னாரு."