அவர் போகாத விண்வெளி

என் கணவர் விமானப்படையில் விமானி. நான் தெற்கு டெல்லியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இயற்பியலாளர். விண்வெளிக் கதிர்கள் மனித உடலில் என்ன செய்யும் என்று அளப்பது என் வேலை. முழு உடலையும் அல்ல. டிஎன்ஏ இழையின் அகலம் எவ்வளவோ அவ்வளவு இடத்தில், இரண்டு மூன்று நானோமீட்டருக்குள் மட்டும்.

அத்தனை சிறிய இடத்தில் எந்தக் கருவியையும் வைக்க முடியாது. அதனால் ஓர் உலோக அறையிலிருந்து காற்றை உறிஞ்சிவிட்டு, மிக மெல்லிய வாயுவை விடுவோம். அந்த வாயுவில் விரல்நுனி அளவு இடம், உடலுக்குள் டிஎன்ஏ அளவு இடத்துக்குச் சமம். அணுக்களை அதிவேகத்தில் செலுத்தும் முடுக்கியிலிருந்து பாய்ந்து வரும் கார்பன் அணு அதைக் கடக்கும்போது எத்தனை மூலக்கூறுகள் அடிபடுகின்றன என்று எண்ணுவோம். ஓர் அடியை உடல் தானே சரிசெய்துகொள்ளும். அடுத்தடுத்துப் பல அடிகள் விழுந்தால் இழை இருபுறமும் அறுந்துபோகும். விண்கலத்தின் சுவர் எதனால் ஆகியிருக்க வேண்டும் என்று யோசிப்பவர்களுக்கு இந்த எண்கள் தேவை.

எனக்கும் அவை வெறும் எண்களாகத்தான் இருந்தன, விண்வெளிப் பயணத் தேர்வுக்கு அவர் விண்ணப்பிக்கும் வரை.

மோதி பாக்கில் எங்கள் அரசுக் குவார்ட்டர்ஸின் மொட்டைமாடிக்கு நான் துணி எடுக்கப் போகும்போது கூடவே வருவார். புகைமூட்டத்தில் நிலாவே மங்கலாகத்தான் தெரியும். ஆனாலும் அண்ணாந்து பார்ப்பார். அவர் திருநெல்வேலிக்காரர், நான் கோயம்புத்தூர்.

"ஏட்டி, உன் கார்பன் உள்ள பாய்ஞ்சா வலிக்குமா?"

"வலிக்காதுங்க. அதுதான் பிரச்சினையே."

"மேல போனவங்க கண்ண மூடினா வெளிச்சம் வெட்டுமாமே?"

"ஆமாங்க. கதிர் கண்ணுக்குள்ள பூந்து போறதுனால."

"அத ஒருக்கா பாக்கணும்ட்டி."

தேர்வில் ஒவ்வொரு சுற்றாகத் தாண்டினார். எங்கள் மகள் பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். கடைசி மருத்துவப் பரிசோதனையில் உள்காதில் சின்னக் குறை ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். விமானம் ஓட்டத் தடையில்லை, விண்வெளிக்கு மட்டும் முடியாது.

அவர் வந்து ஷூவைக் கழற்றும்போதே மகளுக்குப் புரிந்துவிட்டது. "கேன்சல் ஹோ கயா, அப்பா?" என்று, ரத்தாகிவிட்டதா என்பதை இந்தியில் கேட்டாள். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு, கழற்றிய ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போனார். வீட்டில் பால் இருந்தது.

அவர் போகவில்லை என்றால் எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். அந்த உலோக அறையில் தினமும் என்ன பார்க்கிறேன் என்று எனக்குத்தானே தெரியும்? நிம்மதி வரவில்லை. சாப்பாட்டு மேசையில் எதிரில் உட்கார்ந்திருப்பவர் எங்கேயோ போய்விட்டவர்போல் இருந்தார். மாடியில் கேள்வி கேட்டுத் துளைத்த அந்த மனிதருக்காக ஏங்கினேன்.

சில வாரங்கள் கழித்து, "உன் வேலையப் பாக்கலாமா?" என்று அவராகவே கேட்டார். அனுமதி வாங்கி ஒரு காலையில் அழைத்துப் போனேன். திரையில் புள்ளிகள் விழுந்துகொண்டிருந்தன.

"ஒவ்வொரு புள்ளியும் ஒரு அணுவா?"

"ஆமாங்க."

"போயிருந்தா எனக்குள்ளயும் இப்படித்தான் பாய்ஞ்சிருக்கும், என்னா?"

நான் தலையசைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பம்பு சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கண்ணைத் திறந்து, "ஒண்ணும் தெரியலட்டி" என்று சிரித்தார். அத்தனை நாளில் அன்றுதான் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது அவர் பெங்களூரில் இளம் விமானிகளுக்குப் பயிற்சி தருகிறார். கேட்டு வாங்கிய மாற்றல் அது. மகள் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். நான் அதே குவார்ட்டர்ஸில். சென்ற மாதம், இன்னும் கனமான அணுக்களை வைத்து அளக்க எங்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது. உடனே அவருக்குப் போன் செய்தேன்.

"அளந்து முடிச்சதும் எனக்கும் சொல்லு. இங்க பயலுவ கேக்குதானுவ. இவனுவள்ல ஒருத்தன் மேல போவான், பாத்துக்கோ."

"நீங்க எப்பங்க வர்றீங்க?"

"தீவாளிக்கு."

தீபாவளிக்கு நாள் நிறைய இருந்தது. முடுக்கியின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். போனை வைத்துவிட்டுப் போனேன்.