காலமானார் என்ற சொல்லுக்குப் பொருள் எழுதியவள்

இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டினால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். சொற்களை நிறுத்துப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. இதில் வரும் நேரங்களையெல்லாம் ஒருமுறை படித்துத் திருத்திக் கொடுத்தவளும் அவளேதான்.

ஓர் அகராதி அலுவலகத்தில் அவள் மூத்த தொகுப்பாளர். பத்தொன்பது வருட வேலை. இரண்டாம் மாடியில் நீளமாக ஒரே அறை. மூன்று மேசைகள். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை. கண்ணைக் கட்டிவிட்டாலும் கேட்ட அட்டையை எடுத்துக் கொடுப்பாள். அதனால் அங்கே எல்லோருக்கும் அவள் அட்டையக்கா. பிடித்தால் விடமாட்டாள், அதனால்தான் அந்தப் பெயர் என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பவர்களும் உண்டு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் டீச்சர் வந்தாள். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். வந்த மூன்றாம் மாதமே அகராதியின் ஆசிரியர் எதற்கெடுத்தாலும் "டீச்சரைக் கேளுங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். அட்டையக்காவுக்கு உள்ளே புகைந்தது. டீச்சர் கெட்டவளாக இருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். ஆனால் அவள் நல்லவள். வரும்போதெல்லாம் "சாப்டீங்களா?" என்று கேட்பாள். அதுதான் இன்னும் எரிந்தது.

அந்த மாதம் 'கா' வரிசை. இறப்பைச் சொல்லும் பழைய வழக்கு ஒன்று அதில் இருந்தது. 'காலமானார்.' அதற்குப் பொருள் என்ன, அது எங்கிருந்து பிறந்தது என்று எழுதி ஒரு பேர் வாங்க வேண்டும் என்பது அட்டையக்காவின் ஆசை. அதற்காக ஏழு வருடமாகக் குறிப்பு சேர்த்திருந்தாள். திங்கட்கிழமை ஆசிரியர் கூப்பிட்டார்.

"காலமானாரை டீச்சர் எழுதட்டும்மா."

"ஏழு வருஷமா சேர்த்து வெச்சிருக்கேன் சார்."

"சேர்த்துதான் வெச்சிருக்கீங்க. எழுதலையே."

அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

புதன்கிழமை டீச்சர் அலுவலகத்துக்கு வரவில்லை. நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் பார்க்கப் போவதாக முதல்நாளே சொல்லியிருந்தாள். மூன்று மணிக்கு ஆசிரியர் அச்சகத்துக்குக் கிளம்பினார். அறையில் அட்டையக்கா மட்டும்தான். ஜன்னலுக்கு வெளியே கண் கூசும் வெயில்.

மூன்று இருபத்தைந்து. எழுந்து போய்க் கதவை உள்ளே தாழிட்டாள். டீச்சரின் மேசை இழுப்பறையை இழுத்தாள். அவள் என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்க்க வேண்டும். பார்க்க மட்டுமா? நன்றாக இருந்தால் எடுத்துக்கொள்ளவும்தான். இதை என்னிடம் சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே எல்லாம் வெற்று அட்டைகள்.

க்ளக்...

திரும்பினாள். டீச்சர் நின்றிருந்தாள்.

"இல்ல டீச்சர்... பசை தேடினேன்."

டீச்சர் கோபப்படவில்லை. "உக்காருங்க. எழுதிக்கங்க" என்றாள்.

இரண்டு மாடி ஏறினால் கால் மணி நேரம் மூச்சு வாங்குபவள் டீச்சர். இன்று மூச்சு வாங்கவில்லை. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மேசைமேல் தாள்கள் படபடத்தன. ஆனால் டீச்சரின் நெற்றியில் தொங்கிய முடி... அசையவே இல்லை.

"போனார்னா ஒரு இடத்தை விட்டுப் போறது" என்றாள் டீச்சர். குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போல இருந்தது. "இது அப்படி இல்ல. காலம் ஆனார். எங்கயும் போகல. வேற ஒண்ணா ஆயிட்டார். உயிரோட இருக்கறப்ப காலத்துக்குள்ள இருக்கோம். அப்புறம் காலமாவே இருக்கோம். எந்த இடத்துல தேடினாலும் கிடைக்க மாட்டோம். ஏதாவது ஒரு நேரத்துல கிடைப்போம். இதை மொதல்ல யார் சொன்னதுன்னு தெரியாது. அதையும் எழுதிடுங்க."

ஏழு வருடத்தில் தனக்கு இது ஏன் தோன்றவில்லை? வயிறு எரிய எரிய எழுதினாள் அட்டையக்கா. 'வேறாக' என்று எழுதி, அதை அடித்துவிட்டு 'வேறொன்றாக' என்று திருத்தினாள்.

"உங்க பேரையே போட்டுக்கங்க."

"ஏன் டீச்சர்?"



நிமிர்ந்தாள்.

யாரும் இல்லை.

கதவில்... அவள் போட்ட தாழ் போட்டபடியே இருந்தது.

மூன்று நாற்பது.

ட்ரிங்... ட்ரிங்...

ஆசிரியர்தான். "டீச்சர் நூலகப் படியில மயங்கி விழுந்துட்டாங்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயும்... பன்னெண்டு அம்பதுக்கே..."

மேசைமேல் இருந்த அட்டையில் மை இன்னும் காய்ந்திருக்கவில்லை.

நடந்ததை அப்போது அவள் யாரிடமும் சொல்லவில்லை. அட்டையைத் தன் பெயரிலேயே கொடுத்தாள். ஆசிரியர் இரண்டு முறை படித்தார். "நீங்க எழுதினதுலயே இதுதாம்மா நல்லாருக்கு" என்றார். பத்தொன்பது வருடமாக அவள் காத்திருந்த சொல். கேட்டு முடிப்பதற்குள் அவர் சொன்னார்: "டீச்சர் எழுதியிருந்தா இன்னும் எங்கயோ போயிருக்கும்." செத்தவள்மேல் மறுபடியும் பொறாமை வந்தது. அந்த அட்டையை எழுதிய விரல்களைப் பார்த்துக்கொண்டே அன்று முழுக்க உட்கார்ந்திருந்தாள்.

மூன்று வாரம் கழித்து டீச்சரின் மகள் வந்தாள். கையில் ஒரு நோட்டு.

"அம்மா பையில இருந்துச்சு ஆன்ட்டி. கடைசிப் பக்கம் மட்டும் அம்மா எழுத்து இல்ல. உங்களோடதா?"

வாங்கிப் பார்த்தாள்.

அவள் எழுத்துதான். அதே வரிகள். 'வேறாக' அடிக்கப்பட்டு, மேலே 'வேறொன்றாக'. அதற்குக் கீழே, அட்டையில் அவள் எழுதாத ஒன்று. எடுத்துக்காட்டு வாக்கியம். அதுவும் அவள் கையெழுத்தில்தான்.

'இவ்வகராதியின் மூத்த தொகுப்பாளர் நேற்றுக் காலமானார்.'

தேதி இல்லை.

"இந்தப் பை... எப்ப உங்க கைக்கு வந்துச்சு?"

"ஒண்ணே முக்காலுக்கு ஆஸ்பத்திரியில என் முன்னாலதான் சீல் வெச்சாங்க ஆன்ட்டி. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். மனசு வரல, அப்படியே வெச்சிருந்தேன். இன்னிக்குக் காலையிலதான் பிரிச்சேன்."