முறை வைத்துப் படித்த கல்லூரி

உமாமகேஸ்வரி நூலகராக இருக்கும் கல்லூரிக்கு, உச்சிப்புளியில் பேருந்தை விட்டு இறங்கி உடைமரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். தலைக்கு மேலே கடற்படை விமானம் போனால் வகுப்பில் பேராசிரியர் வாயை மூடிக்கொள்வார். சத்தம் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். இப்படிப்பட்ட கல்லூரியில், உலகத்தின் மறுகோடியில் வெளியாகும் ஆய்விதழ்களைக் கணினியில் திறந்து படிக்க முடிகிறது என்றால் அதற்குக் காரணம் இந்த அம்மாள்தான். இதைப் பெருமையாகவே சொல்லலாம். அவர் சொல்லிக்கொள்ள மாட்டார், அதனால் யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆய்விதழ்கள் இப்போது தாளில் வருவதில்லை. ஆண்டுச் சந்தா கட்டினால் இணையத்தில் கதவு திறக்கும், கட்டாவிட்டால் மூடிக்கொள்ளும். பதிப்பகத்தார் கேட்ட சந்தாவைப் பார்த்துக் கல்லூரி முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தொகை மாறவில்லை. சுற்றுவட்டாரத்தில் எல்லாக் கல்லூரிகளுக்கும் இதே பாடுதான். தனித்தனியாகப் போய்க் கேட்டால் எந்தப் பதிப்பகமும் மதிக்காது, கூட்டாகப் போனால் விலை பேசலாம் என்று உமாமகேஸ்வரிக்குத் தோன்றியது. சனிக்கிழமைதோறும் பேருந்து ஏறி ஒவ்வொரு கல்லூரியாகப் போனார். சில இடங்களில் டீ கொடுத்து ஒப்புக்கொண்டார்கள். சில இடங்களில் டீ மட்டும் கொடுத்தார்கள். அசராமல் அலைந்ததில், அவருடைய கல்லூரியோடு ஒன்பது கல்லூரிகள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தன.

மாணவர் அதிகம் உள்ள கல்லூரி அதிகம் கட்டும், குறைவாக உள்ள கல்லூரி குறைவாகக் கட்டும். ஆனால் எந்தத் துறையின் ஆய்விதழ்த் தொகுப்பை வாங்குவது என்று முடிவு செய்யும்போது, பெரியதோ சிறியதோ, வாக்கெடுப்பில் கல்லூரிக்கு ஒரு கைதான். இதற்காக உமாமகேஸ்வரி மல்லுக்கு நின்றார். இன்னொரு விதியையும் அவரே எழுதிச் சேர்த்தார். ஆண்டு முடிவில் எல்லாவற்றிலும் குறைவாகப் படிக்கப்பட்ட தொகுப்பை விட்டுவிட்டு, வேறு ஒன்றை எடுக்க வேண்டும்.

"யாரு தொகுப்பா இருந்தாலும் சரி, இதுல முகத்தாட்சண்யம் பாக்கக் கூடாது" என்று கூட்டத்தில் கறாராகச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

முதல் ஆண்டிலேயே ஒரு கூத்து நடந்தது. ஏதோ ஒரு கல்லூரியில் எவனோ ஒரு புத்திசாலி, இருக்கிற கட்டுரைகளை எல்லாம் ஒரே மூச்சில் இறக்கிக்கொள்ள ஒரு மென்பொருளை ஓடவிட்டான். பதிப்பகத்தார் திருட்டு என்று நினைத்து ஒன்பது கல்லூரிக்கும் சேர்த்துக் கதவை அடைத்துவிட்டார்கள். கெஞ்சிக் கூத்தாடித் திறக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மற்றவர்கள் அத்தோடு மறந்துபோனார்கள். உமாமகேஸ்வரியால் மறக்க முடியவில்லை.

அவர் பிறந்தது ஆர்.எஸ்.மங்கலம் பக்கம், கண்மாய்ப் பாசனத்து ஊரில். அவருடைய அய்யா மடை திறந்து வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சியவர். முறை தவறி மடை திறந்தவனிடம் அந்த ஊரில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். மகள் நூலகத்தில் அந்தச் சட்டத்தையே கொண்டுவந்தார். செவ்வாய் விலங்கியல், புதன் தாவரவியல், வியாழன் கடல் அறிவியல் என்று துறைவாரியாக முறை வைத்தார், முறைக்கு ஆளுக்கு ஒரு கட்டுரைதான். ஒரு கட்டுரையை ஒருவர் மட்டும் இறக்கி, மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும்.

"பொதுச் சொத்துத்தா. நம்ம பாட்டுக்கு அள்ளிட்டா, அங்கன பரமக்குடியில படிக்கிற புள்ளைக்கு என்ன மிஞ்சும்?" என்பார்.

நூலக அறிவியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவர் அவர். இணையத்தில் இருக்கும் கட்டுரை ஆயிரம் பேர் படித்தாலும் குறையாது என்பது அவருக்குத் தெரியாதா? புத்திக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மனசுக்குத்தான் ஏறவில்லை. பிள்ளைகளும் மறுபேச்சில்லாமல் கட்டுப்பட்டார்கள். எத்தனை தடவை இறக்கினார்கள் என்பதுதான் கூட்டமைப்பின் படிப்புக் கணக்கு. அதனால் வகுப்பே கூடிப் படித்த கட்டுரை, கணக்கில் ஒரே ஒருவர் படித்ததாக ஏறியது.

அப்படிக் கட்டுப்பட்டவர்களில் ஒருத்தி பெரியபட்டினத்து சல்மா. அவளைப் பெற்ற அத்தா சவூதியில் இருக்கிறார். இந்தக் கடற்கரையில் மூங்கில் தெப்பம் கட்டிக் கடற்பாசி வளர்க்கும் பெண்களின் பிழைப்பைக் கெடுக்கும் ஒரு நோய் உண்டு. பாசி வெளுத்து, நொறுங்கிக் கடலோடு போய்விடும். அது ஏன் வருகிறது என்பதுதான் சல்மாவின் முனைவர் பட்ட ஆய்வு. வியாழக்கிழமை வந்தால் ஒரே ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்வாள். அடுத்ததற்கு மறு வியாழன்வரை பொறுத்திருப்பாள்.

போன ஜனவரியில் கூட்டமைப்பின் ஆண்டறிக்கை வந்தது. எல்லாவற்றிலும் குறைவாகப் படிக்கப்பட்டது கடல் அறிவியல் தொகுப்பு. அதை விட்டுவிட்டு மேலாண்மைத் தொகுப்பை எடுக்கலாம் என்று ராமநாதபுரத்துப் பெரிய கல்லூரி நூலகர் காஜா நவாஸ் கேட்டிருந்தார். உமாமகேஸ்வரிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. உடனே போனைப் போட்டார்.

"என்ன தம்பி, கடலோரத்துல இருந்துக்கிட்டு கடல் படிப்பு வேணாம்னு எழுதியிருக்கீக?"

"அக்கா, நான் எங்க வேணாம்னேன்? அத ஆருமே படிக்கலைன்னு கணக்கு சொல்லுது. அத அதிகமாத் தொடவேண்டியது உங்க காலேஜ். நீங்களே எடுக்கலையேக்கா."

"நாங்க எடுத்துத் தீத்துறக் கூடாதேன்னுதானே தம்பி அளவா..."

போனை வைத்துவிட்டு உமாமகேஸ்வரி நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் பிடுங்கவில்லை, தன் பிள்ளைகளின் பங்கைத் தானே வெட்டிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

உதவியாளர் வினோத்குமார் கெட்டிக்காரப் பையன். இதை முடிவு செய்யும் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு முன்னால் இன்னொரு தடவை கணக்கு எடுப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

"மேடம், இதுக்குப் போயி கலங்குறீகளே! புள்ளைகள உக்கார வச்சு, இருக்கிற கட்டுரையெல்லாம் வரிசையா அமுக்கச் சொல்லுவோம். கணக்கு சும்மா ஏறிப் போகும்."

"படிக்காம அமுக்குறதா?"

"ஆரு மேடம் பாக்கப் போறா?"

"ஒம்பது காலேஜ் சேந்து கட்டுற காசு வினோத்து. பொய்க்கணக்கு காட்டி நான் கடல் தொகுப்ப வச்சுக்கிட்டா, இன்னொரு காலேஜ் புள்ளைக்கு வேண்டியது போயிரும். அந்தப் பேச்சே எடுக்காத."

அன்றே சல்மாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். பூசி மெழுகவில்லை. கதவு மூடிக்கொண்டால் ஒவ்வொரு கட்டுரையையும் தனித்தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டும். அது சல்மாவால் ஆகாத காரியம், ஆய்வு பாதியில் நிற்கும்.

"நான் போட்ட முறைதாம்மா ஒன்னையக் கெடுத்துருச்சு."

"எனக்கும் கோவமாத்தான் இருக்கு மேடம்" என்றாள் சல்மா. பிறகு, "நீங்க இல்லைன்னா அந்த ஒரு கட்டுரையும் கெடைச்சிருக்காதே. கூட்டத்துக்குப் போய்ட்டு வாங்க மேடம், நான் துஆ செய்யிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூட உமாமகேஸ்வரிக்கு இவ்வளவு வலித்திருக்காது.

கூட்டம் ராமநாதபுரத்தில் நடந்தது. ஒருங்கிணைப்பாளர் தர்மராஜ், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், குரலை உயர்த்தியே பழக்கம் இல்லாதவர். மறுகணக்கிலும் கடல் அறிவியல்தான் கடைசி என்ற அறிக்கையைப் படித்துவிட்டு "யாராச்சும் ஏதாச்சும் சொல்றீங்களா?" என்றார். உமாமகேஸ்வரி எழுந்தார். கல்லூரியில் முறை வைத்தது, வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னது, சல்மா வியாழனுக்கு வியாழன் காத்திருந்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். ஒருவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைத் தட்டி அடக்கினார்.

"கொறை படிக்கிற புள்ளைககிட்ட இல்ல, என்கிட்டதான். ஆனா இந்த விதிய எழுதுனதும் நான்தான். அத எனக்காக வளைக்கச் சொல்லி நான் கேக்க மாட்டேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அடுத்துக் காஜா நவாஸ் எழுந்தார். அவர் கேட்ட மேலாண்மைத் தொகுப்பு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"சார், நாம எண்ணுனது படிச்சவுகள இல்ல, அக்கா போட்ட கட்டுப்பாட்ட. கணக்கே தப்புங்கிறப்ப அத வச்சு எப்படி ஒண்ணை நீக்க? நாங்க ஒரு வருஷம் பொறுத்துக்கிறோம். எங்க காலேஜ் வேற வழி பாத்துக்கிரும்."

தர்மராஜ் வாக்கெடுப்புக்கு விட்டார். தொகுப்பு நீடிக்கட்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றதும், மேசையைச் சுற்றிக் கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. காஜா நவாஸின் கை முதலில். எட்டுக் கைகள்.

"நீக்கணுங்கிறவங்க?"

ஒரே ஒரு கை உயர்ந்தது. அது உமாமகேஸ்வரியின் கை.

தர்மராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னம்மா இது! உங்க புள்ளைகளுக்குத்தானே வேணும்?"

"வேணும் சார். அத நீங்க குடுத்தா வாங்கிக்கிருவேன். நானே கை தூக்கி எடுத்துக்கிட்டா, நாளைக்கு இன்னொருத்தர் விதிய வளைக்கச் சொல்றப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மாட்டேம்பேன்?"

நவாஸ் எழுந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை உமாமகேஸ்வரி முன்னால் வைத்தார். தீர்மானப் புத்தகத்தில் எட்டுக்கு ஒன்று என்று எழுதினார்கள். தன் கல்லூரிக்கு வேண்டியதை எதிர்த்து வாக்களித்தவர் என்று அவரைக் கேலி செய்பவர்கள் இன்றும் உண்டு. கேலி செய்கிறவர்கள்தான் எந்தத் தகராறு என்றாலும் முதலில் அவரிடம் ஓடி வருகிறார்கள்.

மறுநாள் காலை நூலகக் கதவில் ஒட்டியிருந்த முறை அட்டவணையை உமாமகேஸ்வரி கிழித்துப் போட்டார். சல்மா வந்ததும், "உக்காருத்தா. வேண்டியதெல்லாம் எடு" என்றார். சல்மா ஒரு கட்டுரையை இறக்கினாள். திரும்பி மேடத்தின் முகத்தைப் பார்த்தாள். இன்னொன்றை இறக்கினாள். அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்றின் பின் ஒன்றாகத் திறந்துகொண்டே போனாள். மதியச் சாப்பாட்டையும் மறந்துவிட்டாள்.

உமாமகேஸ்வரி அவளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "போதும்மா" என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, "இன்னும் எடு" என்றார்.